பலேர்மோவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள்

1

இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, என் மகள் டிலானியைக் குழந்தை வைத்தியரின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இத்தாலியில் பதினான்கு வயது நிறைந்ததும் பிள்ளைகளைப் பெரியவர்களின் வைத்தியரிடம் மாற்றிவிடுவது வழக்கம். சுகாதாரக் கந்தோரில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே பேனையால் மூன்று இடங்களைக் காட்டினாள். நான் கையெழுத்து வைத்தேன். அவ்வளவுதான். அரசாங்கத்தைப் பொறுத்தவரை என் வீட்டில் இனிக் குழந்தை இல்லை.

விடைபெறப் போனபோது குழந்தை வைத்தியர் ஓர் உறையைக் கையில் தந்தார். பிறந்த நாள் முதல் டிலானியின் உயரத்தையும் நிறையையும் புள்ளி புள்ளியாகக் குறித்த தாள்கள் அதற்குள் இருந்தன. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவற்றை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த டிலானி காதில் எதையோ செருகிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பதினொரு வயதில் ஓரிடத்தில் நிறைக்கோடு ஏணி வைத்ததுபோல எழும்பி நிற்கிறது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வைத்தியருக்கும் ஓரளவு தெரியும். ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு நான் இதுவரை சொன்னதில்லை. அவர்களுக்குப் படம் மட்டும் அனுப்பினேன். "நல்லா வளர்ந்திட்டாள், வெளிநாட்டுச் சாப்பாடு வாசிதான்" என்று அவர்கள் எழுதினார்கள்.

நான் மன்னார்க்காரி. பெயர் ஜெசிந்தா. பதினேழு வருடமாகப் பலேர்மோவில் இருக்கிறேன். லிபெர்த்தா வீதியில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் எண்பத்தெட்டு வயதான ஒரு சின்யோராவைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கணவர் அருள் ஜெனோவாவுக்குப் போய்வரும் கப்பலில் சமையலறையில் நிற்கிறார். கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும் சில மணித்தியாலங்களும் மாதத்தில் சில நாள் லீவும்தான் அவர் எங்களுக்கு. என் உயரம் நூற்று நாற்பத்தாறு சென்ரிமீற்றர். கடை அலுமாரிகளின் மேல் தட்டில் இருப்பதை இந்த ஊரில் நான் ஒருநாளும் என் கையால் எடுத்ததில்லை.

2

சின்ன வகுப்புகளில் படிக்கும்வரை டிலானியைப் பங்குக் கோயில் சிஸ்டர்கள் ஐந்தரை மணிவரை வைத்திருந்தார்கள். நடுப்பள்ளிக்கு மாறியதும் அது நின்றது. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். பிள்ளை தனியே வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு படிவம் தந்தார்கள். அதிலும் கையெழுத்து வைத்தேன். வேறு வழி இருக்கவில்லை. எனக்கு வேலை ஐந்து மணிக்குத்தான் முடியும். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டின் திறப்பை ஒரு நாடாவில் கோத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டேன்.

விடியவே எழும்பிச் சோறும் ஒரு மீன்கறியும் ஒரு மரக்கறியும் வைத்துவிட்டுப் போவேன். இரண்டரைக்குப் போன் எடுப்பேன்.

"சாப்பிட்டியா?"

"ஓம் அம்மா."

வந்து பார்த்தால் சட்டி வெறுமையாக இருக்கும். எனக்குச் சந்தோசம். அலுமாரியில் பிரியோஷ், சிப்ஸ், பழச்சாறு என்று நான் அடுக்கி வைத்தவையும் முடிந்திருக்கும். அதற்கும் சந்தோசம்தான். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், இல்லாவிட்டால் இப்படி வளருவாளா என்று நினைத்தேன். சோற்றை ஒரு பையில் கொட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தின்பண்டத்தோடு ரீவிக்கு முன்னால் இருந்திருக்கிறாள் என்பது ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அலுமாரியை ஏன் அப்படி நிரப்பினேன் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். தங்கச்சிக்கு மூன்று வயது. மாதம் ஒருமுறை ஒரு மிஸ் வந்து சின்னப்பிள்ளைகளின் கையைச் சுற்றி நிறம் தீட்டிய நாடா ஒன்றைப் பிடித்துப் பார்ப்பார். பச்சை விழுந்தால் ஒன்றும் இல்லை. சிவப்பு விழுந்தால் ஒரு பெட்டி பிஸ்கட். தங்கச்சிக்கு எப்போதும் சிவப்புத்தான். எனக்கு வயது கூடியபடியால் அளக்கமாட்டார்கள். தங்கச்சியைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தின்போம். அம்மாவுக்குத் தெரியாது. மிஸ் அம்மாவை ஏசுவார்: "பிஸ்கட் குடுத்தும் பிள்ளை ஏன் தேறேல்லை?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பா. தங்கச்சி இப்போது பேசாலையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். என்னைவிட நாலு விரற்கடை கட்டை. அவளோடு வீடியோவில் கதைக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன், தோளைப் பார்க்கமாட்டேன்.

அதனால் என் பிள்ளைக்கு எதையும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. முழுப் பெட்டியாகவே வாங்கி வைத்தேன்.

பதினொன்றரை வயதில் டிலானி களைப்பு என்று சொல்லத் தொடங்கினாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு வைத்தியர் கூப்பிட்டார். என்னை இருத்தி, மெதுவாக, "கிறேஷித்தா பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றார். கிறேஷித்தா என்றால் வளர்ச்சி. எனக்குக் கேட்டது கிறேசிமா, அது கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உறுதிப்பூசுதல்.

"அது அடுத்த வருசம், தொத்தொரெஸ்ஸா. கோயிலில பேர் குடுத்திட்டம்," என்றேன்.

வைத்தியர் சிரிக்கவில்லை. டிலானிதான் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு வைத்தியர் தாளைத் திருப்பிக் காட்டினார். வளைந்து போகும் கோடுகளுக்கெல்லாம் மேலே, தனியே, டிலானியின் புள்ளி. இரத்தத்தில் சீனி எல்லையில் வந்து நிற்கிறதாம். இன்னும் நீரிழிவு வருத்தம் இல்லை, இப்படியே விட்டால் வரும் என்றார். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சோறு, மீன், பருப்பு, கிழமையில ரண்டு நாள் பாஸ்தா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்டார். கே கோசா அல்ல, கொன் கி. என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கிறார்.

நான் வாயைத் திறக்க முதல் டிலானி சொன்னாள்: "தா சோலா."

தனிய.

வைத்தியர் எழுதினார். சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவருக்கு அறிவிப்பதாகவும் அது உதவிக்குத்தான் என்றும் சொன்னார். உதவி என்ற சொல் எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய் விடுதியில் விடுகிற ஆட்கள் அவர்கள் என்றுதான் எங்கள் சனம் கதைத்துக் கேட்டிருக்கிறேன்.

3

வெளியே வந்து, தாளில் முத்திரை குத்துவதற்காக வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு பெண், என் உயரம்தான். அகன்ற முகம், இறுக்கிப் பின்னிய தலைமயிர். முதல் பார்வைக்கு எங்கள் ஆள் என்று நினைத்துத் தமிழில் கதைக்க வாயெடுத்தேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும் என்று எண்ணினேன். டிலானி குனிந்து என் காதுக்குள் சொன்னாள்: "அவ லுசீயா. என்ர பள்ளிக்கூடம். அவவுக்கும் பதினொண்டு."

அந்தப் பெண்ணின் கையிலும் அதே தாள். தயங்காமல் என் தாளைக் கேட்டு வாங்கி, தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். டிலானியின் புள்ளி எல்லாக் கோட்டுக்கும் மேலே. லுசீயாவின் புள்ளி எல்லாக் கோட்டுக்கும் கீழே.

"உன்ர பிள்ளையில கொஞ்சத்தை எனக்குத் தா," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சத்தில் அது அழுகையாக மாறியது. அவள் என் முதுகில் கையை வைத்தாள். தொழிலுக்காக அல்லாமல் ஒருவர் என்னைத் தொட்டுக் கனகாலம்.

அவள் பெயர் மிக்காயேலா. அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மலைப்பகுதியில் வாழும் மாயா சனத்தைச் சேர்ந்தவள். வீட்டில் பேசுவது கிச்சே என்ற அவர்களுடைய மொழி. பள்ளிக்கூடத்தில் படித்தது ஸ்பானியம். பலேர்மோவில் தெரிந்தது என்னைப்போல உடைந்த இத்தாலியன். மரியாதைக்குரிய வினைச்சொல் எங்கள் இருவருக்கும் வாயில் வராது. அதனால் முதல் நாளே நீ, நான் என்றாகிவிட்டது. அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு விதமாக எனக்கு அவளுடைய குரல் ஞாபகம் வருவதில்லை.

அவளும் புருசனும் முதலில் வந்தார்கள். லுசீயாவை இரண்டு வயதில் மலையில் ஒரு சொந்தக்காரியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், ஒன்பதாவது வயதில்தான் கூப்பிட முடிந்தது. இடையில் மழை பிழைத்து, சோளம் பொய்த்த வருடங்கள். ஓயாத வயிற்றோட்டம்.

"விமான நிலையத்தில நான் கொண்டுபோன சட்டை அவளுக்கு முழங்காலுக்குக் கீழ தொங்கிச்சுது," என்றாள். "ஒன்பது வயதுக்கெண்டு வாங்கினது."

4

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இன்ன திகதி, இன்ன நேரம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் இருக்கும் இடத்தைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தது. அருளுக்குப் போன் எடுத்தேன். கப்பல் நடுக்கடலில், லைன் வெட்டி வெட்டி வந்தது.

"நீ வேலையை விட்டிடு," என்றார்.

"விட்டா பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது? வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராவில எங்களை உள்ளுக்கே எடுக்கமாட்டினம்." பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, அதைப் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில்தான் தருவார்கள்.

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியேல்லை. நீங்கள் இஞ்சை இருந்தால் தெரியும்."

லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

சின்யோராவிடம், பிள்ளை இரண்டு மணிக்கு வந்து குசினிக்குள் ஒரு மூலையில் இருக்கட்டுமா என்று கேட்டேன். "வரட்டும், எனக்கும் பராக்கு," என்றா. அடுத்த நாள் அவவின் மகன் போனில், மாடிப்படியில் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வுச்சீரியாச் சந்தையில் மிக்காயேலாவைக் கண்டேன். சந்தைக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தில்தான் அவர்கள் வீடு. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விடியக் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போகிறவள்; நண்பகலுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"உன்ர பிள்ளை என்னட்டை வரட்டும். ரண்டு பேரும் ஒண்டாப் பள்ளிக்கூடத்தால வரட்டும்."

"கடிதத்தில உன்ர விலாசம் போடவேண்டிவரும். உத்தியோகத்தர் உன்ர வீட்டுக்குத்தான் வருவா."

அவளிடம் அப்போது பெர்மெஸ்ஸோ இருக்கவில்லை. புதுப்பிக்கக் கொடுத்ததற்கான துண்டு மட்டும்தான், அதுவும் எட்டு மாதப் பழசு. அரசாங்கத்து ஆள் ஒருவர் வாசலில் நிற்பது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "வேண்டாம், விடு," என்று சொல்ல நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை. பயந்தவள் நான்தான், அவள் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அதை நினைக்க இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

"வரட்டும்," என்றாள்.

உத்தியோகத்தர் வந்த புதன்கிழமை இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டுப் போயிருந்தேன். இளம் பெண், நனைந்த குடை, பெரிய தோள்பை. மிக்காயேலா கதவைத் திறந்ததும் கேட்காமலே அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண், "நான் அதுக்கு வரேல்லை," என்று சொல்லி, அவள் கையைத் தட்டிவிடாமல் மெல்ல மடக்கிவிட்டா. மேசையில் கறுப்புப் பயறு, நான் கொண்டுபோன சூரை மீன்கறி, சோளமாவில் சுட்ட ரொட்டி. இங்கே விற்கும் சோளமா கஞ்சிக்குத்தான் சரி. ரொட்டிக்குத் தட்டினால் உடையும். மிக்காயேலாவின் ரொட்டி எப்போதும் துண்டு துண்டுதான். உடைந்த மாவை நான் ஒருநாள் தேங்காய்ப்பூப் போட்டு அவித்துப் புட்டாக்கிக் காட்டிய பிறகு அந்த வீட்டில் இரண்டும் நடக்கும்.

உத்தியோகத்தர் டிலானியைக் கேட்டா: "இஞ்சை வர உனக்கு விருப்பமா?"

டிலானி தட்டைப் பார்த்தபடி இத்தாலியனில் சொன்னாள். "ஓம். நான் சாப்பிட்டு முடியும்வரைக்கும் லுசீயாவின்ர அம்மா எழும்பமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடிக் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நான் அவளைப் பெற்று, அவளுக்காகவே இந்த ஊரில் ஒவ்வொரு நாளும் எழும்பி ஓடுகிறவள். அவளோடு ஒரு நேரச் சாப்பாடு முழுவதும் இருந்தது எப்போது என்று யோசித்தேன். சரியாக ஞாபகம் வரவில்லை.

5

உத்தியோகத்தர் பிறகு இரண்டு முறை வந்தா. பிறகு வரவில்லை. கோவையை மூடிவிட்டார்கள் என்று வைத்தியர் சொன்னார்.

ஒன்றே முக்கால் வருடம் அப்படிப் போனது. வேலைநாட்களில் டிலானி அங்கே. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்கு லீவு. அந்த நாட்களில் லுசீயா எங்கள் வீட்டில். பிள்ளைகள் இரண்டும் துறைமுக மதிலோரமாக நடந்து கப்பல்களின் பெயரை வாசித்துக்கொண்டு போவார்கள். டிலானி அலுமாரித் தின்பண்டத்தைக் கேட்பதை விட்டாள். யாரும் தடுக்கவில்லை, மறந்துவிட்டாள்.

லுசீயாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டிருந்தார்கள். வளர்ச்சி ஊசி போடவேண்டிவரலாம் என்று கதை. பரிசோதனைக்கு மிக்காயேலாவோடு நானும் போனேன். அவளுடைய புருசன் வரமாட்டேன் என்றுவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் கட்டைதான், அதை ஏன் வருத்தம் என்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. மிக்காயேலா ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து என்னிடம் சொன்னாள்:

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம், மாயா எண்டால் பிறவியிலயே கட்டை எண்டு. நாங்களும் நம்பியிருந்தம். ஆனா அங்கால வட அமெரிக்காவுக்குப் போன என்ர மச்சாளின்ர பிள்ளையள் அவளை விட ஒரு தலை உயரம். அப்ப அது பிறவியா?"

"பிறகென்ன, நல்லதுதானே."

"என்ன நல்லது. உயர்ந்ததோட விடேல்லை. கண்டதையும் திண்டு கொழுத்துப்போய், பத்து வயசிலயே ஒருத்தனுக்கு மருந்து. ஊரில பட்டினி. அங்கை போனால் அது. நடுவில எங்கையாவது ஒரு இடம் இருக்கோ எண்டு பாக்கிறன்."

அவளுடைய தாய்தகப்பனும் சண்டைக்குத் தப்பி எல்லை கடந்து போனவர்கள். மிக்காயேலா பிறந்தது கூடாரத்தில். எங்கள் முகாம் நாடாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். தண்ணீர்த் தாங்கியையும் சொன்னேன். யாருக்கும் சொல்லாததை ஒரு மாயாப் பெண்ணுக்கு, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில், வினைச்சொல்லெல்லாம் பிழையாகச் சொன்னேன்.

"உனக்கும் அப்ப ஏழு வயசுதானே," என்றாள்.

லுசீயாவின் இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. ஊசி இப்போது வேண்டாம், ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் பெரிய வைத்தியர். அந்த வருடம் லுசீயாவுக்குக் காற்சட்டைகள் மூன்று முறை கட்டையாகின. அளக்கும்போதெல்லாம் மிக்காயேலா சிலுவை போட்டுக்கொள்வாள். டிலானியின் சீனி இறங்கியது. நிறைக்கோடு நிமிர்வதை நிறுத்திச் சரிந்து, மற்றக் கோடுகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது.

6

பிறகு அவர்கள் போய்விட்டார்கள். மிக்காயேலாவின் புருசனுக்கு ஜெனோவாவில், கப்பல் திருத்துமிடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. பெர்மெஸ்ஸோவும் கைக்கு வந்திருந்தது. இரண்டும் நல்ல செய்திதான். நான்தான் முதல் ஆளாக வாழ்த்தினேன். அருளின் கப்பலிலேயே போனார்கள். பொழுதுபடும் நேரம் துறைமுக வாசலில் லுசீயா டிலானியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். டிலானி அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. மிக்காயேலா தன்னுடைய ரொட்டிக் கல்லை என்னிடம் தந்தாள். அங்கே வேறு வாங்கலாம் என்றாள்.

டிலானிக்கு அப்போது பதின்மூன்று. தானே பயறு அவிக்கவும் முட்டை பொரிக்கவும் பழகியிருந்தாள். சின்யோராவின் மகனோடு கதைத்து, புதன்கிழமையும் ஒரு மணிக்கு வெளிக்கிட அனுமதி எடுத்தேன். இந்த முறை கெஞ்சவில்லை. வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் சரி என்றார். முதலே இப்படிக் கேட்டிருக்கலாமோ என்பதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது புதனும் வியாழனும் ஞாயிறும் அவளுக்கு முன்னால் இருக்கிறேன். அவள் முடிக்கும்வரை எழும்புவதில்லை. அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது?"

"நியெந்தெ, அம்மா."

நியெந்தெ என்றால் ஒன்றும் இல்லை. கோபமாகச் சொல்வதில்லை. பிள்ளை என்னிடம் மரியாதையாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் நினைப்பதை எல்லாம் சொல்ல அவளுடைய தமிழ் போதாது. அவள் இத்தாலியனில் வேகமாகச் சொன்னால் பாதியில் நான் கைவிட்டுவிடுவேன். அது என் முகத்தில் தெரியும். தெரிந்ததும் அவள் சுருக்கிக்கொள்வாள். கிச்சே மொழியில் இருபதுவரை எண்ணத் தெரியும் அவளுக்கு. தமிழில் பத்துக்கு மேல் தடுமாறுவாள். உடம்பு நன்றாக இருக்கிறது. நூற்று அறுபத்துமூன்று சென்ரிமீற்றர். மேல் தட்டில் இருப்பதை இப்போது அவள்தான் எடுத்துத் தருகிறாள். எடுத்து, கையில் தந்துவிட்டு, அறைக்குள் போய்விடுகிறாள்.

7

பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டதும் ஜெனோவாவுக்குப் போகவேண்டும் என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, தகப்பனைக் கேட்டாள். அருள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "என்ர கப்பலிலதானே, நான் பாத்துக் கூட்டிக்கொண்டு போறன்." நான் தடுக்கப்போகிறேன் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். பெட்டியை நான்தான் அடுக்கினேன். மிக்காயேலாவுக்குக் கறித்தூளும் கருவாடும் வைத்தேன்.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள், அதாவது நேற்று, நண்பகல் சின்யோராவுக்கு சூப் பருக்கிக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் குசினிக்கு வந்தேன். போன் அடித்தது. மிக்காயேலா.

"ஜெசிந்தா, நீ பாக்கவேணும். ரண்டும் பக்கத்தில பக்கத்தில நிக்குதுகள். லுசீயா இப்ப உன்ர மகளின்ர காதுமட்டம். என்னை விட உயர்ந்திட்டாள்!"

"சாப்பிட்டினமா?"

"இப்பத்தான் மேசைக்கு வருகினம். இரு, டிலானியட்டைக் குடுக்கிறன்."

குடுக்கவில்லை. ஏதோ பொங்கி வழிந்திருக்கவேண்டும். அவள் கிச்சேயில் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. போனை எங்கோ வைத்துவிட்டாள். கதிரைகள் இழுபடும் சத்தம், தட்டுகளின் சத்தம். பிறகு டிலானியின் குரல். கதைத்தாள், கதைத்தாள், அப்படி ஒரு கதை. மூச்சு விடாமல், இடையில் சிரித்துச் சிரித்து. அவளுடைய பலேர்மோத் தொனியைக் கேட்டு லுசீயா பழித்துக் காட்டுகிறாள், அதற்கும் சிரிப்பு. நான் கதவைச் சாத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணிக்கு அவளை எடுத்திருக்கிறார்களாம். எனக்குத் தெரியாது. பயிற்சி தருகிற ஆசிரியர், இன்னும் எவ்வளவு வளருவாய், தாய்தகப்பன் என்ன உயரம் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனீ?" இது லுசீயா.

"என்ர அம்மா இவ்வளவுதான் எண்டு கையால காட்டினன். எல்லாரும் சிரிச்சினம். பிறகு சொன்னன், அவ தன்னை விடப் பெரிய ஒரு சின்யோராவை ஒவ்வொரு நாளும் கட்டிலில இருந்து கதிரைக்குத் தனிய தூக்கி வைக்கிறவ. உங்களில ஆரும் தூக்குவீங்களோ எண்டு கேட்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை."

இத்தாலியனில்தான் சொன்னாள். வேகமாகத்தான் சொன்னாள். ஒரு சொல்லும் தவறாமல் எனக்கு விளங்கியது.

மேசையில் கதை வேறு எங்கோ போய்விட்டது. போன் திறந்திருக்கிறது என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

உள்ளே சின்யோரா கைத்தடியால் நிலத்தில் தட்டினா. கதிரைக்கு மாற்றும் நேரம். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவவைத் தூக்க முடியாது. இரண்டு கையும் வேண்டும். போனை நிறுத்தாமல், குசினி மேசையில் முகம் மேலே பார்க்க வைத்துவிட்டு, உள்ளே போனேன்.